கிணற்றுக்கு ஏற்ற பம்பு

ஸ்ரீரங்கம் தீவில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் மிராசுதார் ஒருவரும், மணிகண்டம் பக்கத்தில் பாறைக் கிணறு வைத்திருக்கும் குடியானவர் ஒருவரும் ஒரே நாளில் திருச்சிராப்பள்ளிக் கடைத்தெருவுக்குப் பம்பு வாங்க வருவதாக வைத்துக்கொள்ளலாம். இருவர் நிலத்துக்கும் இடையே உள்ள தூரம் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் இராது. இருவரும் கேட்கும் முதற் கேள்வியும் ஒன்றே: "எத்தனை எச்.பி. போதும்?" கடைக்காரர் பெரும்பாலும் அண்டை நிலத்துக்காரர் என்ன வாங்கினார் என்று விசாரித்து, அதற்கும் ஒரு படி பெரியதை எடுத்து வைப்பார். ஒரே பெயரும் ஒரே நிறமும் உடைய இரண்டு பம்புகளில் ஒன்று காவிரிப் பாலத்தைத் தாண்டி வடக்கே போகிறது; மற்றொன்று தெற்கே போகிறது. ஒரு கோடை கழிவதற்குள் வடக்கே போனதன் மோட்டார்ச் சுருள் கருகிவிடுகிறது. தெற்கே போனது இரண்டு மணி நேரத்தில் கிணற்றை வற்றச் செய்துவிட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. வாழை தார் தள்ளும் சமயத்தில் இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் அவ்வருஷத்து வெள்ளாமை போனதுதான். பம்பு வாங்கிய கடன் மாத்திரம் நிற்கும். பம்பைச் செய்தவர் மீது குறை சொல்ல இதில் இடமில்லை. கிணற்றை அளக்காமல் பம்பு வாங்கியதே காரணம்.

கவலையும் ஏற்றமும் இறைத்த காலத்தில் இத்தகைய தவறுக்கு அதிக இடம் இல்லை. கிணறு எவ்வளவு ஊறும், ஒரு ஜோடி மாடு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பவை இறைப்பவர் கண்ணுக்கு நேரே தெரிந்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் இஞ்சினீயர், எண்ணெய் இஞ்சினைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறையைப் பரிசோதித்துப் பரவச் செய்தார். 1932இல் பைகாராவிலிருந்தும், 1937இல் மேட்டூரிலிருந்தும் மின்சாரம் வரத் தொடங்கிய பின் மோட்டார்கள் பெருகின. 1990ஆம் ஆண்டு வாக்கில் விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. கட்டணம் போனதோடு கணக்கும் போயிற்று என்று சொல்லலாம். மாடு களைத்தால் நுரை தள்ளும். மோட்டார் களைத்தது சுருள் எரிந்த பிறகே தெரிகிறது.

குதிரைச் சக்தி என்பது வேலையின் அளவே அன்றி நீரின் அளவு அன்று. ஒரு குதிரைச் சக்தி முழுவதும் நீரை உயர்த்துவதிலேயே செலவானால், நிமிஷத்திற்கு 300 லிட்டரை ஏறக்குறைய 15 மீட்டர் உயரம் தூக்கும். அதே சக்தி 150 லிட்டரை 30 மீட்டர் உயரம் தூக்கும். ஆகவே லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி 4,565ஆல் வகுத்தால் நீருக்கு வேண்டிய குதிரைச் சக்தி கிடைக்கும். பம்பு தன் உள்ளே கொஞ்சம் விழுங்குவதால், சுமாரான பம்பு நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கே நீருக்குக் கொடுக்கும் என்று கொண்டு, வந்த தொகையை 0.55ஆல் மறுபடி வகுக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும். கிணறு நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் கொடுக்கும்? அதை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? இவ்விரண்டையும் கடைக்காரர் அறியமாட்டார். நிலத்துக்காரர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

கிணற்று ஊற்றை அளப்பதற்கு யந்திரம் எதுவும் தேவையில்லை. கோடையில், சித்திரை அல்லது வைகாசியில், இரவல் இஞ்சினையாவது வைத்துக் கிணற்றைப் பெரும்பாலும் இறைத்துவிட்டு நிறுத்த வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை அடி ஏறியது என்று பார்க்க வேண்டும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி நீர் என்பது 314 கன அடி, அதாவது சுமார் 8,900 லிட்டர். மணிக்கு இரண்டடி ஏறினால் ஊற்று மணிக்கு 17,800 லிட்டர். நிமிஷத்திற்கு 300 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மட்டம் உயர உயர ஊறும் வேகம் தணியுமாதலால், அடிமட்டத்திற்கு அருகில் பார்த்த அளவையே கொள்ள வேண்டும். தை மாதத்தில் கிணறு நிரம்பி வழியும்போது அளந்தால் எந்தக் கிணறும் தாராளமாகத்தான் தோன்றும். அந்த அளவை நம்பி வாங்கியவர்களே பங்குனியில் தவிக்கிறவர்கள்.

இனி உயரம். கோடையில் நீர்மட்டம் தரையிலிருந்து 50 அடி கீழே. வாய்க்கால் தொட்டி தரைக்கு மேல் 5 அடி. குழாயில் உராய்வு நஷ்டம் 10 அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 65 அடி, அதாவது 20 மீட்டர். 300ஐ 20ஆல் பெருக்கி 4,565ஆல் வகுத்தால் 1.3, அதை 0.55ஆல் வகுத்தால் 2.4. ஆக, மூன்று எச்.பி. மோட்டார் அந்தக் கிணற்றுக்குத் தாராளம். மணிகண்டத்துக் குடியானவர் ஏழரை எச்.பி. வாங்கினார் என்று கொள்வோம். அது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 940 லிட்டர் தள்ளும், ஊற்றோ 300. மிச்சம் 640 லிட்டரையும் கிணற்றில் தங்கியிருக்கும் நீரிலிருந்துதான் எடுக்க வேண்டும். எட்டடி நீர் நின்றால் அது 71,200 லிட்டர். இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாகவே தாங்கும். பிறகு பம்பு நீரின்றி ஓடும். நீரே குளிர்ச்சியும் மசகுமாக உள்ள புஷ்களும் சீல்களும் தேய்ந்துவிடும். ஆள் அருகில் இல்லாவிட்டால் தேய்மானத்தோடு நில்லாது.

"மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வருகிறது; அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பெரிய மோட்டார் வேண்டாமா?" என்று கேட்கப்படுகிறது. இது நியாயமான கேள்வியே. இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். மின்சாரம் ஒன்பது மணி நேரம் கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டால், நிறுத்திய வேளையில் சேர்ந்திருக்கும் 71,200 லிட்டரோடு, ஓடும் வேளையில் ஊறும் 1,62,000 லிட்டரையும் சேர்த்து 2,33,200 லிட்டர் அந்த ஒன்பது மணி நேரத்தில் எடுக்கலாம். அதற்கு நிமிஷத்திற்கு 432 லிட்டர் தள்ளினால் போதும். கணக்குப்படி மூன்றரை எச்.பி. வருகிறது, கடையில் கிடைப்பதில் ஐந்து எச்.பி. வாங்கினால் குறைவு அழுத்தத்துக்கும் இடம் வைத்ததாகும். ஏழரை வாங்கினாலும் அன்றைய நீர் 2,33,200 லிட்டரே. ஊற்றைப் பெருக்கும் பம்பு ஒன்று இன்னும் செய்யப்படவில்லை. இரண்டங்குலப் பாய்ச்சலுக்கு ஏக்கருக்குச் சுமார் 2,05,600 லிட்டர் வேண்டுமாதலால், அக்கிணறு நாளொன்றுக்கு ஓர் ஏக்கரும் சிறிது மிச்சமும் பாயும். பம்பின் அளவோடு பயிரின் பரப்பையும் இதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

பாறைக் கிணறுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பம்பு நீரை உறிஞ்சுவதாகச் சொல்வது வழக்கமே தவிர, குழாயிலுள்ள காற்று நீங்கியபின் வெளியே உள்ள காற்றின் பாரந்தான் நீரை மேலே தள்ளுகிறது. இத்தாலிய தேசத்தில் பம்பு செய்பவர்கள் சுமார் 34 அடிக்கு மேல் நீர் ஏறவில்லை என்று கண்டு திகைத்ததை கலிலியோ 1638இல் எழுதிவைத்தார். 1643இல் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு அதன் காரணத்தை வெளிப்படுத்தினார். அந்த 34 அடியும் ஏட்டுக் கணக்கே. உராய்வும் கசிவும் போக, பம்பு நீர்மட்டத்திற்கு மேல் 20 அடிக்குள் இருந்தால் ஒழுங்காக ஓடும். 15 அடிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேலே வைத்தால் பம்பின் உள்ளே நீர் கொதிப்பதுபோல் குமிழிகள் தோன்றி உடைந்து, கூழாங்கல் உருளுவதுபோன்ற சப்தம் கேட்கும், இம்பெல்லர் அரித்துப்போகும். எத்தனை எச்.பி. மாட்டினாலும் காற்றின் பாரம் கூடப்போவதில்லை.

இதனாலேயே மணப்பாறை, மருங்காபுரிப் பக்கங்களில் கிணற்றுக்குள் திட்டுக் கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். நீர் இறங்க இறங்க மோட்டாரும் ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்கு இறங்கும். ஐப்பசி மழையில் ஒரே இரவில் கிணறு நிரம்பினால் மோட்டார் முழுகும். வழுக்கும் படியில் மோட்டாரைத் தூக்க இறங்கி விழுந்து காயப்பட்டவர்கள் அநேகர். மழைக்கும் கோடைக்கும் நீர்மட்டம் 25, 30 அடி மாறும் கிணறுகளுக்கு, நீருக்குள்ளேயே இருந்து ஓடும் ஓபன்வெல் சப்மெர்சிபிள் என்னும் வகையே தகுதி. அதை வாங்கும்போது தகட்டில் குறித்திருக்கும் உயர எல்லை, கோடை மட்டம் மழை மட்டம் இரண்டையும் அடக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது பாலத்துக்கு வடக்கே போகலாம். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவு ஆற்று வண்டலாலும் மணலாலும் ஆனது. ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். பில்டர் பாயிண்டு இறக்கி, தரையிலேயே மோனோபிளாக் பம்பு வைத்து இறைக்கலாம். மொத்த உயரம் 10 மீட்டருக்குள்ளேயே அடங்கும் இடங்கள் பல. இங்கே போய் 30 மீட்டர் உயரத்துக்காகச் செய்த பம்பைப் பொருத்தினால் என்ன ஆகும்? அதிக உயரத்துக்கு ஆன பம்பு குறைந்த உயரத்தில் சுலபமாகத்தான் ஓடும் என்று எவரும் நினைப்பார். செண்ட்ரிபூகல் பம்பின் சுபாவம் இதற்கு நேர்விரோதமானது. தடை குறைந்தால் அது அளவுக்கு மீறி நீரைத் தள்ளும், தள்ளும் நீர் கூடக் கூட மோட்டார் மீது பாரம் ஏறும், மின்னோட்டம் மிகும், சுருள் சூடேறும். போதாததற்கு மின் அழுத்தமும் குறைந்திருந்தால் மோட்டாரின் முறுக்குப் பலம் அதைவிட வேகமாகக் குறையும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்தால் முறுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தாழும். ஸ்ரீரங்கத்து மோட்டார் எரிந்த காரணம் இதுவே. அங்கே சிலர் கேட் வால்வைப் பாதி மூடி மோட்டாரைக் காப்பாற்றுகிறார்கள். சுருள் பிழைக்கும், ஆனால் விலை கொடுத்து வாங்கிய சக்தியில் பெரும்பகுதி அந்த வால்விலேயே வீணாகிறது.

மணற்பாங்கான இடத்தில் மிதமிஞ்சி இழுப்பதால் வேறொரு கெடுதலும் உண்டு. பில்டரின் கண்களில் நீர் பாயும் வேகம் மிகும்போது பொடி மணலும் உடன் வரும். மணல் இம்பெல்லரைத் தேய்க்கும். சுற்றியுள்ள மண் சரிந்து பில்டர் அடைபடும். புதிதாக இறக்கிய பில்டர் பாயிண்டில் முதலில் சில நாள் மெதுவாக இறைத்து, நீர் தெளிந்த பின்னரே முழு வேகத்துக்குப் போக வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்று நாற்றங்கால் விட்டு, அணை திறக்கத் தாமதமாகும் வருஷங்களில் இந்தப் பில்டர் பாயிண்டுகளே நாற்றைக் காக்கின்றன. அந்தச் சமயத்தில் நீர்மட்டமும் இறங்கியிருக்கும். எல்லாரும் ஒருமிக்கப் பெரிய பம்பு போட்டால், அருகருகே உள்ள பில்டர்கள் ஒன்றன் நீரை ஒன்று இழுக்கும்; ஆழம் குறைந்த குடியானவர் பம்புதான் முதலில் நிற்கும்.

குழாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரே அளவு நீர் ஓடும்போது குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு முப்பது மடங்குக்கு மேல் பெருகும். மூன்றங்குலக் குழாய்க்குப் பதிலாக இரண்டங்குலம் போட்டாலே ஏழு மடங்காகும். பம்பின் வாய் இரண்டங்குலமாயிற்றே என்று குழாயையும் இரண்டங்குலமாக நெடுந்தூரம் இழுப்பவர், குழாயில் மிச்சம் பிடித்ததை மோட்டாரில் செலவிடுகிறார். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தொட்டிக்கு மேல் குழாயை நாலடி உயர்த்தி, நீர் அருவிபோல் விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் வழக்கம் நம் பக்கத்தில் எங்கும் இருக்கிறது. அந்த நாலடியும் வீண் உயரம். குழாய் வாய் தொட்டி விளிம்பை ஒட்டி இருப்பதே சரி.

சொட்டுநீருக்கு மாறுகிறவர்கள் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 வாழை. குலை தள்ளிய பின் மரத்துக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் வீதம் கொடுத்தாலும் 30,250 லிட்டரே ஆகிறது. மேற்சொன்ன பாறைக் கிணறு ஓர் ஏக்கருக்குப் பதில் ஏழு ஏக்கர் வாழையைத் தாங்கும் என்பது இதனால் விளங்கும். ஆனால் சொட்டுக்குழாயில் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு ஒத்த அழுத்தம் இருக்க வேண்டும். வடிகட்டியும் நீண்ட குழாய்களும் இன்னும் சில மீட்டர் கேட்கும். ஸ்ரீரங்கத்தில் 10 மீட்டருக்கென்று வாங்கிய பம்பு இதற்கு உதவாது. நீர் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் தள்ளும் பம்பு வேண்டும். ஆகவே சொட்டுநீர் போடும் எண்ணம் இருப்பவர் அதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு பம்பு வாங்குவதே உசிதம். சூரிய சக்தி பம்புகளும் இதே கணக்குக்கு உட்பட்டவை. 2019இல் மத்திய சர்க்கார் தொடங்கிய குசும் திட்டத்தின் பின் இவை பரவின. வெயிலுக்குத் தக்கபடி காலையிலும் மாலையிலும் இவற்றில் நீர் குறையும்; நடுப்பகல் அளவை மட்டும் கொண்டு நாள் முழுவதையும் கணக்கிடலாகாது.

உவர்நீர்க் கிணறுகளுக்குத் தனிக் கவனம் தேவை. நாவலூர் குட்டப்பட்டில் 1989இல் ஏற்பட்ட அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி நிலமே களர் நிலம். அப்பக்கத்துக் கிணறுகளில் உப்பும் காரமும் மிகுந்திருப்பது புதிதல்ல. அத்தகைய நீரில் வார்ப்பிரும்பு இம்பெல்லர் நாளடைவில் பொரிந்து, ஓரம் கரைந்து, அதே மின்சாரத்துக்குப் பாதி நீரையே தள்ளும். வெண்கல இம்பெல்லரோ துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லரோ உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டணங்களில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்கிறவர்கள் இந்த விஷயத்தில் விவசாயிகளைவிட முன்னெச்சரிக்கை உடையவர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டாதலால், அவர்கள் தேர்ந்தெடுக்கும் கையளவு பம்பில் நீர் படும் பாகம் பிளாஸ்டிக்காகவும் தண்டு பீங்கானாகவும் இருக்கும், இரும்பு தலைகாட்டாது. அவர்களும் தொட்டிக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் பார்த்தே வாங்குகிறார்கள். உவர்நீர்க் கிணற்றுக்காரர் பம்பு வாங்குவதற்கு முன் ஒரு புட்டி நீரை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினால், பம்புக்கு மாத்திரம் அல்ல, எந்தப் பயிர் வைக்கலாம் என்பதற்கும் விடை கிடைக்கும்.

கடையில் பம்பின் பெயர்த்தகட்டைப் படிக்கத் தயங்க வேண்டாம். இந்தியத் தர நிர்ணய முத்திரை உள்ள பம்புகளில் உயரம், அந்த உயரத்தில் விநாடிக்கு எத்தனை லிட்டர், திறன் நூற்றுக்கு எவ்வளவு என்பவை பொறிக்கப்பட்டிருக்கும். மோனோபிளாக் வகைக்கு 9079, ஆழ்துளைச் சப்மெர்சிபிளுக்கு 8034, ஓபன்வெல் சப்மெர்சிபிளுக்கு 14220 என்பவை தர எண்கள். தகட்டில் கண்ட உயரம் கிணற்று உயரத்துக்கு அருகில் இருக்க வேண்டும். விநாடி லிட்டரை 60ஆல் பெருக்கினால் நிமிஷ லிட்டர் வரும். அது மேலே சொன்னபடி தீர்மானித்த அளவை மீறலாகாது. தகடு இல்லாத பம்பு எவ்வளவு மலிவானாலும் வாங்கத் தகாதது. பழைய பம்பைச் சுருள் கட்டி ஓட்டுகிறவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை சுருள் கட்டிய மோட்டார் ஒருபோதும் பழைய திறனோடு ஓடாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் மின் இணைப்பு விண்ணப்பத்துக்குக் கிணற்று உரிமைச் சான்று எழுதும்போது, கிணற்றின் விட்டம், ஆழம், கோடை நீர்மட்டம் மூன்றையும் கேட்டு ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தால் ஊருக்கே பிரயோஜனமாகும். சில வருஷக் குறிப்புகள் சேர்ந்தால், எந்தப் பக்கத்தில் மட்டம் இறங்குகிறது, எங்கே இனிப் பெரிய பம்புக்கு இடமில்லை என்பது வாதமின்றித் தெரியும். ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிக்கும் இதே முறைதான். 30,000 லிட்டர் தொட்டியை நிமிஷத்திற்கு 300 லிட்டர் தள்ளும் பம்பு ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் நிரப்பும். அங்கே உயரத்தைக் கணக்கிடும்போது, தரைக்கு மேலே தொட்டி நிற்கும் உயரத்தையும் சேர்ப்பதற்குப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்பு பொருத்திய அன்றே ஒரு பீப்பாயையும் கடிகாரத்தையும் வைத்து, 200 லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பார்த்துச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். பின்னொரு நாள் அதே மட்டத்தில் அதே பீப்பாய் நிரம்பக் கூடுதல் நேரம் பிடித்தால், முதலில் புட்வால்வையும், அடுத்து உறிஞ்சு குழாயின் இணைப்புகளையும், கடைசியாகத்தான் மோட்டாரையும் கழற்ற வேண்டும்.